விளக்கு வைத்தால் வாசல் தாண்டாத வீடு

1

கல்யாண நாளைக் கொண்டாடும் வழக்கம் அம்பத்தூரில் எங்களுக்கு இருந்ததில்லை. அன்றைக்கு சரோஜா சேமியா பாயசம் வைப்பாள். நான் அதைக் குடித்துவிட்டு இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். வருஷக்கணக்காக இந்த நடைமுறை எந்தத் தகராறும் இல்லாமல் நடந்துவந்தது. கனடாவுக்கு வந்த பிறகுதான், கல்யாண நாள் என்பது வெளியே போய்ச் சாப்பிட்டாகவேண்டிய நாள் என்று எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

தெரிவித்தவள் மகள் கலைச்செல்வி. ஓர் உணவகத்தில் மேசை பதிவு செய்திருந்தாள், மாலை ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு யாராவது இராச் சாப்பாடு சாப்பிடுவார்களா என்று கேட்டேன்.

"அஞ்சு மணின்னா பார்க்கிங் ஈசியா கெடைக்கும்பா. கூட்டமும் இருக்காது."

வண்டி ஓட்டுவதாக இருந்த மாப்பிள்ளை சேகர் கடைசி நேரத்தில் வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போய்விட்டதால் மூன்று பேர் மட்டும் கிளம்பினோம். நவம்பர் கடைசி. இந்த ஊரில் அந்த மாதத்துச் சூரியன் நாலரை மணிக்கெல்லாம் மேசையைப் பூட்டிவிட்டுப் போய்விடும். கேட்டால் ஆள் சீட்டில் இல்லை என்பார்கள்.

விலை ஏற ஏற வெளிச்சம் குறையவேண்டும் என்பது இங்கே உணவகங்களின் விதி. நாங்கள் போன இடத்தில் மேசைக்கு ஒரு மெழுகுவத்தி. அம்பத்தூரில் இந்த வெளிச்சத்தில் சாப்பிட நேர்ந்தால் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவோம்.

தண்ணீர் வந்தது. சரோஜா பளபளப்பான மரமேசைமேல் கையை வைத்தாள். விரல் நுனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே நடந்தன. நகங்கள் மரத்தில் லேசாகத் தட்டின. கண்ணாடி டம்ளரின் அடியைத் தொட்டதும் விரல்கள் நின்றன. பிறகு முழுக் கையும் வந்து பிடித்துக்கொண்டது. இதை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பதவிசாகச் சாப்பிடுகிறவள் என்று எங்கள் பக்கத்தில் அவளுக்குப் பெயரே உண்டு.

சற்று நேரம் கழித்து அதே நடையை மேசையின் மறுபக்கத்தில் பார்த்தேன். இது கலையின் கை. நகப்பூச்சு போட்ட விரல்கள் அதே மாதிரி தட்டித் தட்டி டம்ளரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. பரிமாறும் இளைஞர் அவளுக்குப் பக்கவாட்டில் மெனு அட்டையை நீட்டியபடி நின்றார். அவள் திரும்பவில்லை. அவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் திடுக்கிட்டு வாங்கினாள்.

ஓய்வு பெறும்வரை நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசர். ஒருவர் வாய் என்ன சொல்கிறது என்பதைவிட அவர் கை என்ன செய்கிறது என்று பார்ப்பது உள்விசாரணைகளில் உட்கார்ந்து வந்த பழக்கம். அன்றும் பார்த்தேன். கையில்கூட அம்மா ஜாடை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, முள்கரண்டியோடு என் வழக்கமான மல்லுக்கட்டுக்குத் திரும்பினேன்.

2

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கலைதான் ஓட்டினாள். என்னிடம் இந்திய ஓட்டுநர் உரிமம் உண்டு. இங்கே அது என் பழைய புகைப்படத்தைப் பாதுகாக்க மட்டும் பயன்படுகிறது. இந்த மாகாணத்தின் எழுத்துத் தேர்வில் ஒரு பிழைகூட விடாமல் தேறினேன். சாலைத் தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்துவந்த அம்மையார் இரண்டு தெரு தாண்டியதுமே வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். உங்களுக்குச் சட்டம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது, சாலைதான் தெரியவில்லை என்ற பொருளில் கனிவாக ஏதோ சொல்லி அனுப்பினார்.

கலை முகத்தை முன்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஓட்டினாள். ரேடியோவை அணைத்தாள். ஈரச் சாலையில் எதிர்வண்டிகளின் விளக்கெல்லாம் உருகி வழிந்தது. ஒரு திருப்பத்தில் கறுப்பு மேலங்கி போட்ட ஒருவர் சாலையைக் கடந்தார். நான் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கலையும் பார்த்திருப்பாள் என்று இருந்தேன். அவர் வண்டியின் நேர் முன்னால் வந்த பிறகுதான் பிரேக் விழுந்தது. அவர் வண்டியின் முன்மூடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டு நடந்துபோனார்.

"இன்னாடி ஆச்சு?" பின் இருக்கையிலிருந்து சரோஜா.

"ஒன்னும் இல்லம்மா. கறுப்புக் கோட்டப் போட்டுக்கினு நடந்தா யாருக்குத் தெரியும்?"

"ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சானா?"

"தெரிந்தார்" என்றேன்.

"ஓரமா நிறுத்து கலை."

"இன்னும் கொஞ்ச தூரத்துல ஊடு வந்துரும்மா."

"நிறுத்துன்னு சொல்றேன் இல்ல."

ஒரு சலவைக் கடையின் முன்னால் நிறுத்தினாள். மழைத் துடைப்பான் மட்டும் வேலைசெய்துகொண்டிருந்தது.

"ஓட்டல்ல டேபிள் மேல நகம் சத்தம் கேட்டுது" என்றாள் சரோஜா. "என் கை அப்ப மடில கீது. ஆனா கேட்டது என் கை சத்தம்."

கலை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"யார்கிட்ட கேக்கற?"

"நைட்ல கொஞ்சம் மங்கலாத் தெரியும். அவ்ளோதான். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். கண்ணாடி மாத்துனா சரியாப்போயிரும்."

"மாத்துனியா?"

"மாத்துனேன். ரெண்டு வாட்டி."

"சரியாப்போச்சா?"

கலை சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். துடைப்பான் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"எனுக்குக் கல்யாணத்துக்கு முன்னால இருந்தே இப்படித்தான்" என்றாள் சரோஜா. "பொழுது சாஞ்சா தெரியாது. எங்கம்மாவுக்கும் அதேதான்."

"என்ன தெரியாது?" என்று கேட்டது நான்.

"ஒன்னுமே தெரியாதுங்க. நீங்க கூட, பேசினாத்தான் இருக்கீங்கன்னு தெரியும்."

வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வாடகைக் காரில் வீடு வந்தோம்.

3

பூந்தமல்லிக்கு நான் பெண் பார்க்கப் போனபோது, இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒருவர் அந்த வீட்டைப் பற்றி ஒரே வாக்கியம்தான் சொன்னார். "இந்த ஊட்டுப் பொண்ணுங்க வெளக்கு வெச்சாங்கன்னா வாசப்படி தாண்ட மாட்டாங்க." எங்கள் பக்கத்தில் அதைச் சீர்வரிசையில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். என் மாமியாரைப் பற்றியும் அதே பேச்சுத்தான். அந்தி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் காலைவரை உள்ளேதான். அடக்கத்துக்கு அந்த வீட்டைத்தான் அக்கம்பக்கத்தில் உதாரணம் காட்டுவார்கள்.

உதாரணத்தை நான் கல்யாணம் செய்துகொண்டேன். எண்பதுகளில் அம்பத்தூரில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் தொழிற்பேட்டைக் குடும்பங்கள். ஷிப்டு முடிந்து ஆண்கள் வந்ததும் பெண்கள் காற்றாட வாசலில் கூடுவார்கள். சரோஜா மட்டும் கூடமாட்டாள். பூந்தமல்லியை ஒட்டிய நூம்பலில் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தி முடிவதற்குள் "பஸ்ஸு போய்டும், கெளம்பலாங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு அதற்குப் பிறகும் பஸ் உண்டு என்று நான் கால அட்டவணையோடு விளக்கியிருக்கிறேன். "இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போறதுதான் மரியாத" என்பாள். அங்கிருந்த பெரியவர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள், இவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று. சினிமா என்றால் பகல் காட்சி மட்டும். அதுவும் விளக்கு அணைப்பதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடவேண்டும், இடைவேளையில் எழுந்திருக்கமாட்டாள்.

மின்வெட்டு நேரங்களில் நடந்ததுதான் வேடிக்கை. தெருவே தடுமாறும். நான் கதவில் இடித்துக்கொள்வேன். சரோஜா நேராக நடந்துபோய் மாடத்தில் கை வைத்து, தீப்பெட்டியையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அதன் இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகரக்கூடாது. நகர்ந்தால் அன்று வீட்டில் பெரிய ரகளை நடக்கும். அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்: "இன்னா அண்ணி, பூனக் கண்ணா உங்களுக்கு?" அவள் சிரித்தாள். எல்லோரும் குருடாகும் நேரத்தில் அவள் மட்டும் பழகிய ஆள் என்பது யாருக்குத் தோன்றும்?

வெளிநாடு வருவதற்கான மருத்துவப் பரிசோதனையிலும் அவள் தேறினாள். பகல் நேரம், பளிச்சென்ற அறை, நேர் எதிரே எழுத்துப் பலகை. கடைசி வரிவரை படித்தாள். நான்தான் கடைசி வரியில் திக்கினேன்.

கண் தெரியவில்லை என்று அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று இங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்வைக் குறை உள்ள பெண் என்று ஒரு சொல் கிளம்பியிருந்தால் அவளுக்கும் கல்யாணம் நடந்திராது, அவளுக்குப் பின்னால் நின்ற தங்கைக்கும் நடந்திராது. அடக்கமான பெண் என்ற சொல் ஏற்கெனவே தயாராகக் கிடந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கலையும் தனக்கு ஒரு போர்வை தேடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் அன்று இரவு எனக்கு உறைத்தது. ஒன்பதுக்குப் போய் மூன்று மணிக்கு முடியும் வேலை. படிப்புக்குக் குறைவான வேலை அது. பதவி உயர்வு வந்தபோது மறுத்துவிட்டாள். காரணம் கேட்டதற்கு, குடும்பத்துக்கு நேரம் வேண்டாமா என்றாள். நண்பர்கள் மாலையில் கூப்பிட்டால் போவதில்லை. "அவ மார்னிங் பர்சன் மாமா" என்று சேகர் பெருமையாகச் சொல்வார். பூந்தமல்லியில் கற்பு, இங்கே காலை எழும் பழக்கம். சொல்தான் மாறியிருக்கிறது, வாசற்படி அதேதான்.

4

மறுநாள் நான் நூலகத்துக்குப் போய் மாகாணத்தின் மோட்டார் வாகன விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கவலை வந்தால் நான் விதிகளைப் படிப்பேன். சிலர் சாமி கும்பிடுவதைப் போல. படித்ததில் தெரிந்தது இது: வண்டி ஓட்ட முடியாத அளவுக்குப் பார்வைக் குறை இருப்பதைக் கண்டால், மருத்துவரே உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதவேண்டும். நோயாளியின் சம்மதம் தேவையில்லை.

கலை இதை எனக்கு முன்பே படித்திருந்தாள்.

"தெரியும்பா. அதனாலதான் டாக்டர்கிட்ட போகல. லைசன்ஸ் போச்சுன்னா வேல போச்சு. எங்க ஆபீஸ் இருக்கற பக்கம் பஸ்ஸே கெடையாது. சம்மருக்குப் போய்க்கலாம். பொழுது நீளமா இருக்கும், ஒரு பிரச்சினையும் வராது."

"அதுவரைக்கும்?"

"இருட்டறதுக்குள்ள வந்துருவேன். இவ்ளோ நாள் வரலையா?"

கோடைவரை ஒத்திவைப்பது ஒரு நல்ல வாதம். என் வேலையில் அதைப் போன்ற வாதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; ஒத்திவைக்கக் கேட்பவர் தோற்பதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் மகளிடம் அதைச் சொல்லும் நடைமுறை எனக்குத் தெரியாது.

சரோஜாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் கலையின் வண்டியில் ஏற மறுத்தாள். பட்டப்பகலில்கூட. கடைக்கு நடந்தே போனாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. கலை கெஞ்சினாள், கத்தினாள், பனியில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றாள்.

"நான் உழுந்துருவேன்னு உனுக்கு பயம். எனுக்கு நீ யாரையாவது இடிச்சிருவியோன்னு பயம். இடிச்சிட்டு ஊட்டுக்கு வந்தீன்னா, அப்புறம் கண்ணு தெரிஞ்சா இன்னா, தெரியாங்காட்டி இன்னா?"

"நீ மட்டும் அவ்ளோ வருசம் யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் வண்டி ஓட்டலடி."

கலை எழுந்து போகப் பார்த்தாள். சரோஜாவே மறுபடி ஆரம்பித்தாள்: "மொதல்ல என்னப் பாக்கட்டும். நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. டாக்டர்கிட்ட என்னப் பத்தி சொல்லு. அங்க போய் உன்னப் பாக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கோ."

சேகர் ஊரிலிருந்து வந்ததும் இரண்டு பேருக்கும் நேரம் வாங்கினார்.

5

பரிசோதனைக் கருவி ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. அதற்குள் முகத்தை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளிகள் தோன்றும். புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். நான் சுவரோரம் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரோஜாவின் முறையில் இரண்டு மூன்று சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கருவி பழுதாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். கலையின் முறையில் சத்தம் ஒழுங்காக வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

கண் மருத்துவர் என் வயதுக்காரர், நிதானமான மனிதர். இரண்டு படங்களை அருகருகே வைத்தார்; புள்ளி தெரியாத இடமெல்லாம் கறுப்பு. சரோஜாவின் படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளைத் துளை. அந்தத் துளை வழியாகத்தான் அவள் எனக்குப் பகலெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கலையின் படத்தில் உள்ளேயும் வெளியேயும் வெள்ளை, இடையில் ஒரு கறுப்பு வளையம்.

ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்த பிறகு இன்னொரு நாள் கூப்பிட்டு விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கண்ணின் பின்சுவரில் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு புரதத்தை அவை வாழ்நாள் முழுக்கத் தயாரித்துக்கொண்டே இருக்கவேண்டும். புரதம் முதலில் நூலாகத்தான் உருவாகும். செல்லுக்குள் ஓர் அறையில் அது சரியான வடிவத்துக்கு மடிக்கப்படவேண்டும். எண்டோபிளாச வலை என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதுதான் அந்த அறை. மடிப்பு சரியில்லாத சரக்கை அந்த அறை வெளியே விடாது. சரோஜாவின் குடும்பத்தில் இந்தப் புரதத்துக்கான செய்முறையில், அப்பா தந்தது, அம்மா தந்தது என்று இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் சிறு பிழை. பிழையான பிரதியைப் பார்த்துச் செய்தது மடிவதில்லை. அறையில் தேங்குகிறது.

தேங்கினால் செல் என்ன செய்யும்? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் புதுத் தயாரிப்பைக் குறைக்கிறது. அடுத்து, மடிப்பதற்குக் கைகொடுக்கும் உதவிப் புரதங்களைக் கூடுதலாக வரவழைக்கிறது. கூடவே, தேறாததை வெளியே இழுத்துப்போய்த் துண்டாக்குகிறது. இவ்வளவும் பிழைத்துக்கொள்வதற்காக. இவை பலிக்காமல் நெருக்கடி நீண்டுகொண்டே போனால், இதுவரை காப்பாற்றப் பார்த்த எச்சரிக்கைக் குறிப்புகளே மாற்றிப் பேச ஆரம்பிக்கின்றன. சேதி மைட்டோகாண்டிரியாவுக்குப் போகிறது. அங்கே சக்தி தயாரிப்பில் இருந்த ஒரு புரதம் சுவர் கசிந்து வெளியே வருகிறது. உள்ளே இருந்தவரை அது ஊழியர். வெளியே வந்ததும் அதுவே உத்தரவு. வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. செல் சுருங்கி, தன்னைத்தானே சிறு பொட்டலங்களாகக் கட்டிவைக்கிறது. பக்கத்துச் செல்கள் எடுத்து விழுங்கிவிடுகின்றன. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, வலி இல்லை.

கண்ணில் இந்தப் படிகளில் எவையெவை எந்த வரிசையில் நடக்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். எனக்கோ எல்லாம் பழகிய வரிசையாகப் பட்டது. ஓர் ஆளை வேலையிலிருந்து அனுப்ப எங்களுக்கும் படிகள் உண்டு: விளக்கம் கேட்கும் குறிப்பு, குற்றச்சாட்டு, உள்விசாரணை, இரண்டாம் முறை காரணம் கேட்டல், கடைசியில் ஆணை. ஒரு படியைத் தாண்டினாலும் தொழிலாளர் நீதிமன்றம் எங்களைத் தூக்கிப்போட்டு மிதிக்கும். செல்லின் நடைமுறையில் நான் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மேல்முறையீடு கிடையாது.

கலை அம்மாவுக்கு ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சரோஜா ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"கஞ்சி போட்ட பொடவ தப்பா மடிஞ்சிச்சுன்னா ஒதறிட்டு இன்னொருக்கா மடிக்கறோம் இல்ல. அந்த மாதிரி முடியாதா?"

மருத்துவர் இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். உதவிப் புரதங்கள் செய்யப் பார்ப்பது சரியாக அதைத்தான் என்றார். சேலைகள் வந்துகொண்டே இருந்து, ஒன்றும் மடியாமல் குவிந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வியாம்.

"வலி இல்லாம, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாம செத்துருதா?"

"ஆமாம்மா."

"அப்ப அதுவும் யார்கிட்டயும் சொல்லாமத்தான் செஞ்சிக்கினு இருந்திருக்குது."

பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தெரியாது என்பது பாதி உண்மைதான். பகல் பார்வைக்கான செல்களில் பிழை எதுவும் இல்லை என்றார் மருத்துவர். ஆனாலும் பக்கத்தில் இருந்த இருட்டுச் செல்கள் காலியாகிப்போனால், காலப்போக்கில் இவையும் தாக்குப்பிடிப்பதில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லையாம். தடுப்பதற்கு இப்போதைக்கு வழியில்லை. கலைக்கு இது மெதுவாகத்தான் போகும், அம்மாவுக்குப் போனதைப் போல, என்றார்.

கிளம்பும் நேரத்தில் சரோஜா மருத்துவரையே பார்த்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "எம் பொண்ணுக்கு இத நான்தான் குடுத்தனான்னு அவரக் கேளு."

கலை மருத்துவரிடம் ஆங்கிலத்தில், அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றாள். அவர் தலையசைத்தார்.

"நான் கேட்டது இங்கிலீசுல அவ்ளோ சின்னதாவா கீது?"

கலை கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அத அவரக் கேக்கத் தேவையில்ல. ஆமா, நீதான் குடுத்த. இந்த மூக்கையும் நீதான் குடுத்த. சின்ன வயசுல ஸ்கூல்ல எவ்ளோ கிண்டல் பண்ணாங்க தெரியுமா? அதுக்கு எந்த டாக்டரப் போய்க் கேக்கறது?"

"மூக்குக்கு இன்னாடி கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. நடம்மா."

தாழ்வாரத்தில் அவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். பூந்தமல்லித் தேர்த் திருவிழா ஞாபகம் வந்தது. கூட்டத்தில் சரோஜா சின்னக் கலையின் கையை இறுக்கிப் பிடித்திருப்பாள். குழந்தை தொலைந்துவிடாமல் தாய் பிடித்திருக்கிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தோம். குழந்தைதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

6

மருத்துவர் விதிப்படி எழுதினார். உரிமம் வழங்கும் அலுவலகம் விதிப்படி கலையைக் கூப்பிட்டது. நான் துணைக்குப் போனேன். என் அனுபவத்தில் இதுபோன்ற அலுவலகங்களில் நமக்குச் சாதகமான விதி ஒன்று எப்போதும் இருக்கும். கேட்காதவருக்கு அதைச் சொல்லமாட்டார்கள். நூலகத்தில் படித்ததை வைத்து நான் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்தார். நடுப்பார்வை போதுமான அளவு இருப்பதால் உரிமத்தைப் பறிக்கவேண்டாம், நிபந்தனையோடு கொடுக்கலாம், வருஷம் ஒருமுறை சோதித்துக் காட்டவேண்டும் என்றார். நான் இந்த நாட்டில் ஒரு விதியைக் கேட்டு வென்றது அன்றைக்குத்தான். எவ்வளவு நாளைக்கு என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கலை தன் அலுவலகத்தில் முழு விஷயத்தையும் சொன்னாள். அவள் பயந்த மாதிரி வேலை போகவில்லை. குளிர்கால மாதங்களில் ஒரு சகஊழியர் கூட்டிப்போய்க் கொண்டுவிடுவதாக ஏற்பாடாயிற்று. மறுத்த பதவி உயர்வைத் திரும்பக் கேட்கப் போகிறாளாம்.

புது அட்டை தபாலில் வந்த அன்று சேகர் அதைப் பிரித்து, நிபந்தனை வரியைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார்: "பகல் வெளிச்சத்தில் மட்டும்."

சரோஜா அதை வாங்கி, தன் வெள்ளைத் துளைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"எனுக்கு இந்தக் கண்டிசன் கல்யாணத்தப்பவே போட்டுட்டாங்க. அட்டதான் யாரும் குடுக்கல."

முதலில் சிரித்தது கலை. கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சரோஜா எழுந்துபோய்ச் சாமி படத்தின் முன்னால் விளக்கை ஏற்றினாள். இங்கே அது பொத்தானைத் தட்டினால் எரியும் சின்ன மின்விளக்கு. முதல் மாதத்திலேயே எண்ணெய் விளக்கின் புகைக்குக் கூரையிலுள்ள கருவி அலறி ஊரைக் கூட்டிவிட்டது. கும்பிட்டாள். திரும்பி வந்து, ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கலையின் கோட்டையும் எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"எங்க போறம்மா?"

"வெளியத்தான். பனி பேயுதுன்னு மாப்ள சொன்னாரு. இருட்டுல அது எப்படி கீதுன்னு நான் ஒரு நாளும் பாக்கலையே."

"பாக்கவா போற?" என்றாள் கலை.

"நின்னுட்டு வரப் போறேன். வா." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க நடுவுல வாங்க."

ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொன்றைக் கலை. சேகர் கதவைத் திறந்துவிட்டார். சரோஜா வாசற்படியில் நின்று, காலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, இறங்கினாள். பனி முகத்தில் விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவள் என் கையை உலுக்கினாள்.

"இன்னா, சத்தத்தையே காணோம்? பேசிக்கினே வாங்க. அப்பத்தான தெரியும்."

என்ன பேசுவது என்று தெரியாமல், தெருவிளக்கு ஒன்று வருகிறது, அதன் கீழே பனி மஞ்சளாக இறங்குகிறது, இடது பக்கம் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது என்றேன்.

"தபால் பெட்டி தெரியும். அதுல ரெண்டு வாட்டி இடிச்சிக்கினு கீறேன்" என்றாள் சரோஜா. "வேற சொல்லுங்க."